வெளிநாட்டில் குடியேறியவர்களின் அடையாளம் ஏன் மாறுகிறது?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து கனடா, சுவிஸ் போய்க் குடியேறியவர் அந்த நாட்டு மொழியையும் பழக்கத்தையும் தனதாக்கி, தன் பழையதை மெல்ல விடுவதே பண்பாட்டுத் தன்மயமாதல்.

காரணம் எளிது. ‘நான் யார்’ என்ற உணர்வைத் தினமும் நம்மோடு பழகுபவர்கள்தான் உறுதிப்படுத்துகிறார்கள். ஊரில் “நீ ஆற்ற மகன்?” என்று கேட்டால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். அங்கே அந்தக் கேள்வியே இல்லை. படிவத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதியவரை, வேலையிடத்தில் அப்பாவின் பெயர் சொல்லியே கூப்பிடுவதும் உண்டு. முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசி மாதத் திங்கட்கிழமையில் பொங்கல். அங்கே திங்கட்கிழமை வேலைநாள். வைத்தியசாலையில் பத்து வயதுப் பிள்ளை அம்மாவுக்கு மொழிபெயர்க்கும்போது வீட்டின் மூப்பே தலைகீழாகிறது. இதுதான் அதிகம் நோகும், அதிகம் பேசப்படாததும் இதுதான்.

ஒட்டு மாங்கன்றைப் பாருங்கள். வேர் வேறு மரத்தினது, பழம் ஒட்டிய கிளையின் இனத்தது. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை நறுக்காமல் விட்டால் ஒட்டுக்கிளை நலிந்து, பட்டும் போகலாம். குடியேறியவரும் அப்படித்தான்: நிற்பது புது நாட்டின் வேரில், ஒட்டிய கிளை தன் பண்பாடு. கவனிக்காமல் விட்டால் புதியது மேலோங்கிப் பழையது நலிந்துவிடும்.

உளவியலாளர் ஜான் பெர்ரி குடியேறியவர்கள் பழைய, புதிய பண்பாடுகளோடு வாழும் நான்கு வழிகளைச் சொன்னார்: புதியதில் முழுதாகக் கரைவது, இரண்டையும் வைத்திருப்பது, பழையதோடு மட்டும் ஒதுங்கி வாழ்வது, இரண்டிலும் ஒட்டாமல் போவது. கடைசி வழியில்தான் மன அழுத்தம் பொதுவாக அதிகம்.

புதிய மொழியை நன்றாகப் படித்தால் தமிழ் போய்விடும் என்று பலர் நினைப்பது தவறு. பிள்ளைகளால் இரண்டையும் பிடிக்க முடியும், வீட்டில் தமிழில் கதைப்பதை நிறுத்தும்போதுதான் அது போகிறது.