முந்நூறும் முன்னூறும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் நடக்கிறது. ரசீது எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. தொகையை எண்ணால் எழுதி, கீழே எழுத்தாலும் எழுத வேண்டும். ஒருவருக்கு 'முன்னூற்றி ஐந்து' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் ரெண்டு தப்பு இருக்கு தம்பி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். என்ன தப்பு என்று சொல்லவில்லை. கமிட்டியில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரி? இன்னொரு சந்தேகமும் உண்டு. எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்த வரிசையில் தொண்ணூறு என்று ஒரு நூறு எப்படிப் புகுந்தது? கடைசியாக, எல்லோரும் பேசுகிற மாதிரியே எழுதிவிட்டால்தான் என்ன?

வாசகர், சங்கரன்கோவில் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

'முந்நூற்றைந்து' என்று எழுதியிருக்க வேண்டும். ஆசிரியர் சொன்ன இரண்டில் ஒன்று 'ன்னூ', இன்னொன்று 'றி'. இந்த 'றி'யை முதலில் பார்த்துவிடலாம். உங்கள் ரசீதுப் புத்தகம் முழுக்க வரப்போவது அதுதான்.

தமிழில் ஓர் எண்ணுக்குப் பின்னால் இன்னோர் எண் வந்து ஒட்டினால், முன்னால் நிற்பது தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். இருபது 'இருபத்து' ஆகும், நூறு 'நூற்று' ஆகும், ஆயிரம் 'ஆயிரத்து', லட்சம் 'லட்சத்து'. கடைசியில் நிற்கும் எண் மட்டும் முழு உருவத்தோடு இருக்கும். எவ்வளவு பெரிய தொகையானாலும் விஷயம் இவ்வளவுதான். கோடி ஒன்றுதான் இதற்குப் பிடிகொடுக்காமல் ஓர் ஏகாரத்தோடு நகர்ந்துவிடுகிறது: ஒரு கோடியே இருபது லட்சம்.

இந்த இருபத்து, நூற்று, ஆயிரத்து எல்லாம் உகரத்தில் முடிகின்றன. அடுத்து உயிரெழுத்து வந்தால் அந்த உகரம் போய்விடும். 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இப்போது ஒன்று முதல் ஒன்பது வரை சொல்லிப் பாருங்கள். மூன்று, நான்கு இரண்டையும் தவிர மற்ற ஏழும் உயிரெழுத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் நூற்றொன்று, நூற்றிரண்டு, நூற்றைந்து, நூற்றாறு என்று ஒட்டிக்கொண்டே போகும். மூன்றும் நான்கும் வரும்போதுதான் உகரம் தங்கும்: நூற்று மூன்று, நூற்று நான்கு.

பேச்சில் இகரம் நுழைவதும் இங்கேதான். 'இருவத்தொண்ணு', 'இருவத்தஞ்சு' என்று சரியாகச் சொல்கிற அதே வாய், 'இருவத்திமூணு', 'இருவத்திநாலு' என்று சொல்லும். நூறைத் தாண்டிவிட்டால் எல்லா இடத்திலும் இகரம்தான்: நூத்தியொண்ணு, நூத்தியஞ்சு. 'இருபத்திரண்டிலும் ஒரு தி வருகிறதே' என்று கமிட்டியில் யாராவது மடக்குவார்கள். அந்த இகரம் இரண்டுக்குச் சொந்தமானது. இருபதுக்கு அதில் பங்கில்லை.

கன்னியாகுமரியில் இருக்கும் திருவள்ளுவர் சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்களுக்குக் கணக்கு. அதன் மேல் சிலை 95 அடி. மொத்தம் 133 அடி, அதிகாரங்களின் மொத்தத் தொகை. எழுத்தில் எழுதினால் முப்பத்தெட்டு, தொண்ணூற்றைந்து, நூற்று முப்பத்து மூன்று. குறள்கள் ஆயிரத்து முந்நூற்று முப்பது. இந்த நான்கையும் எழுதத் தெரிந்தவருக்கு ரசீதுப் புத்தகத்தில் புதிதாக வருவதற்கு அதிகம் இல்லை. வல்லெழுத்து வந்தால் மட்டும் நடுவில் ஓர் ஒற்று மிகும்: நூற்றுப் பத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

சரி, முந்நூறு. மூன்று என்பது சுருங்கி 'மு' ஆகும்போது அடுத்து வரும் மெய் இரட்டிக்கும். முப்பது, முத்தமிழ், முக்கனி, மும்மூர்த்தி. நூறு வந்தாலும் அதே கதைதான். நூறு 'ந'வில் தொடங்குவதால் இரட்டிப்பதும் 'ந்'தான். பாரியின் பறம்பு நாட்டுக்கு முந்நூறு ஊர் என்று புறநானூற்றில் கபிலர் கணக்குச் சொல்வது இப்படித்தான். முன்னூறு என்றால் 'முன் நூறு', அதாவது முதலில் வந்த நூறு என்றாகிவிடும். இன்றைய பேச்சில் காதுக்கு இரண்டும் ஒன்றுதான், கண்ணுக்குத்தான் வேறு. அதனால் இந்தப் பிழை நம் ஊர்ப் பெயர்ப் பலகைகளில் சிரஞ்சீவியாக இருக்கிறது. அதற்காக எல்லா நூறுக்கும் 'ந்' போட்டுவிடாதீர்கள். நால் + நூறு என்பது நானூறு, அதில் 'ன'தான் சரி, அதுவும் ஒற்றையாக. புறநானூறு, அகநானூறு இரண்டும் கைவசம் இருக்கும்போது இதற்குத் தனியாக விதி வேண்டாம்.

500-க்கு உங்கள் சட்டைப் பையிலேயே சாட்சி இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்பக்கம் பதினைந்து மொழிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். கீழிருந்து மூன்றாவது தமிழ். 'ஐந்நூறு ரூபாய்' என்று 'ந்' போட்டுத்தான் அச்சடித்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் 'ஐநூறு' என்று எழுதுகிறவரோடு சண்டைக்குப் போகமாட்டேன். நல்ல நல்ல புத்தகங்களிலேயே அது புழங்கிவிட்டது, கன்னடத்தில் அது ஐநூறுதான். இடைக்காலத்தில் கடல் தாண்டி வாணிபம் செய்த ஐந்நூற்றுவர் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். சுமத்ராவின் பாரூஸ் பக்கம் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு விட்டுப் போனவர்கள் அவர்கள். அந்தக் குழுவின் பெயர் கல்வெட்டுகளில் ஐஞ்ஞூற்றுவர் என்றும் வரும். ஆக, இந்தச் சொல் அந்தக் காலத்திலேயே ஒரே உருவத்தில் அடங்கி இருக்கவில்லை.

உங்கள் தொண்ணூறு கேள்விதான் எனக்கு ருசியானது. தொல்காப்பியரும் நன்னூல் எழுதிய பவணந்தியாரும் இதற்கு விதி சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதோடு பத்து சேர்ந்தால் பத்து நூறாகத் திரியும், ஒன்பதோடு நூறு சேர்ந்தால் நூறு ஆயிரமாகத் திரியும், முன்னால் ஒரு தகரம் வந்து ஒட்டும், இப்படி. எப்படி ஆகும் என்பது இருக்கிறது, ஏன் என்பது இல்லை. விதியைப் படித்தால் ஒன்பது என்ற சொல்லைச் சுத்தியலால் அடித்து நீட்டியது மாதிரி இருக்கும்.

ஆனால் பழைய தமிழில் ஒன்பதுக்கு 'தொண்டு' என்று இன்னொரு பெயர் இருந்திருக்கிறது. பரிபாடலில் திருமாலைப் பாடும் ஒரு பாட்டில் எண்கள் வரிசையாக வரும். எட்டுக்கு அடுத்து வருவது தொண்டு. இதை வைத்துத் தேவநேயப் பாவாணர் ஒரு விளக்கம் சொன்னார். முதலில் தொண்டு 9, தொண்பது 90, தொண்ணூறு 900, தொள்ளாயிரம் 9000 என்று சீராக இருந்தது. தொண்டு வழக்கொழிந்துபோக, மற்றவை ஒவ்வொன்றும் ஒரு படி கீழே இறங்கிவிட்டன, தொண்பது ஒன்பதாகிவிட்டது என்பது அவர் கட்சி. கன்னடத்தில் இன்றும் 90 'தொம்பத்து', தெலுங்கில் 'தொம்பை'. இவை அவர் பக்கம் பேசுகின்றன. மலையாளம் நம்மோடு நின்று தொண்ணூறு, தொள்ளாயிரம் என்கிறது.

கேட்க அழகாக இருக்கிறது, ஆனாலும் எனக்கு முழுக்க இறங்கவில்லை. தொண்ணூறு பணம் கடன் கொடுத்தவன், ஊரே சேர்ந்து அந்தச் சொல்லை ஒரு சைபர் குறைத்தபோது சும்மாவா இருந்திருப்பான்? 'தொள்' என்பதற்குக் குறை என்று பொருள் கொள்வோரும் உண்டு. அப்படிப் பார்த்தால் தொண்ணூறு என்பது நூறுக்கு ஒரு படி குறைவு, தொள்ளாயிரம் ஆயிரத்துக்கு ஒரு படி குறைவு. ஒன்பதையே 'ஒன்று குறைந்த பத்து' என்று சொல்வார்கள். மூன்றும் அடுத்த படியைப் பார்த்தே பெயர் வாங்கியிருக்கின்றன என்ற இந்த விளக்கத்தின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேசுகிற மாதிரியே எழுதினால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். பேச்சில் தாராளமாகப் பேசுங்கள். அவசரத்துக்கு 'நூத்தியெட்டுக்குப் போன் போடு' என்றுதான் எவரும் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். 'நூற்றெட்டுக்கு' என்று திருத்திக்கொண்டிருக்கும் நேரமில்லை அது. ஆனால் எழுத்தில் 'நூற்றி' என்பது பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. பேச்சென்றால் நூத்தி, எழுத்தென்றால் நூற்று. இரண்டையும் பாதிப் பாதி ஒட்டிய உரு அது. செய்தி வாசிப்பவர்கள் 'இரண்டாயிரத்தி இருபத்தி ஐந்து' என்று அழுத்தம் திருத்தமாக வாசிக்கும்போது எனக்குக் கூசுவது அதனால்தான்.

அப்புறம், ரசீது எழுதுகிறவர் என்பதால் ஒரு சட்டச் செய்தி. ரசீதுக்கு இது பொருந்தாது, ஆனால் கோயில் கணக்கில் காசோலை போடும்போது உதவும். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 18-வது பிரிவு, எண்ணில் எழுதிய தொகையும் எழுத்தில் எழுதிய தொகையும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது. முன்னூறு என்று எழுதியதற்காகப் பணம் நின்றுவிடாது. எழுபத்தெட்டும் எண்பத்தேழும் இடம் மாறினால்தான் வம்பு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் இந்த இரண்டிலும்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கமிட்டிப் பையன்கள் யாராவது எழுதினால் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

மாதிரிக்கு ஒரு கடினமான தொகை, ரூ.1,96,943: ரூபாய் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று மட்டும். ஒரே வரியில் அடங்காவிட்டால் 'ஆயிரத்து' என்ற இடத்தில் முறித்து அடுத்த வரிக்குப் போங்கள். பத்திர எழுத்தர்கள் செய்வதுபோல 'மட்டும்' போட்டு, மீதி இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.