'மறுக்கிறேன்' பொத்தானை எங்கே ஒளித்து வைத்தார்கள்?

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குக்கீ பற்றித்தான். எந்தத் தளத்தைத் திறந்தாலும் கீழே ஒரு பெட்டி எழுந்து வந்து சம்மதம் கேட்கிறதே, அதைப் பற்றி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு தளத்தில் காலணி பார்த்தேன், வாங்கவில்லை. அப்புறம் செய்தி படிக்கப் போனால் அங்கே அதே காலணி, வானிலை பார்க்கப் போனால் அங்கேயும் அதே காலணி. என்னை யாராவது கண்காணிக்கிறார்களா?

ஆமாம், கண்காணிக்கிறார்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி உங்கள் போனுக்குள் புகுந்து இல்லை. குக்கீ என்பது ஒரு தளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்ன எழுத்துத் துணுக்கு. ஒரு பெயர், எதிரே ஒரு நீளமான எண், எந்தத் தேதி வரை அது இருக்கும் என்ற குறிப்பு, பெரும்பாலும் அவ்வளவுதான். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி இதை உருவாக்கினார். தளங்களுக்கு அப்போது ஞாபகசக்தியே கிடையாது, அடுத்த பக்கத்துக்குப் போனால் உங்களைப் புது ஆளாகத்தான் பார்க்கும், கூடையில் போட்ட பொருளும் மறந்துபோகும். அதைச் சரிசெய்ய வந்ததுதான் குக்கீ.

சிக்கல் மூன்றாம் ஆளால் வந்தது. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அந்தத் தளம் மட்டும் உங்களோடு பேசுவதில்லை. ஓரத்தில் விளம்பரம் போடும் நிறுவனத்தின் சர்வரிலிருந்தும் ஒரு படமோ நிரலோ வந்து இறங்கி, தன் குக்கீயை வைத்துவிட்டுப் போகிறது. காலணிக் கடையிலும் செய்தித் தளத்திலும் அதே விளம்பர நிறுவனம் இருந்தால், இரண்டு இடத்திலும் அதே எண்ணைப் பார்த்து 'இவர்தான் காலணி பார்த்தவர்' என்று கண்டுகொள்கிறது. உங்கள் பெயர் அதற்குத் தேவையே இல்லை. பக்கம் திறந்து முடிவதற்குள் அந்த விளம்பர இடத்துக்கு ஒரு ஏலமும் நடந்து முடிந்துவிடும். ஏலம் கேட்க வருகிறவர்களுக்கு உங்களைப் பற்றிய தகவல் அனுப்பப்படுகிறது, ஜெயிப்பது ஒரே ஒரு நிறுவனம்தான் என்றாலும் தோற்றவர்கள் கைக்கும் அந்தத் தகவல் போயிருக்கும். இதில் என்னை மிகவும் உறுத்துவது அதுதான்.

கேள்வி: 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்பது மட்டும் பெரிதாக இருக்கிறது. மறுக்க வழி தேடினால் கிடைப்பதில்லை. இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?

இருக்கிறது. அந்தப் பெட்டி வந்ததே சட்டத்தால்தான், ஒளித்து வைத்தது சட்டம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் கொண்டுவந்து 2009இல் திருத்திய ஒரு வழிகாட்டு ஆணை இருக்கிறது. ஒருவருடைய கருவியில் எதையாவது சேமிப்பதற்கும் ஏற்கெனவே இருப்பதைப் படிப்பதற்கும் முன்பே சம்மதம் வாங்கவேண்டும் என்பது அதன் விதி. லாகின், கூடை மாதிரி நீங்களே கேட்ட சேவைக்குக் கண்டிப்பாகத் தேவையானதற்கு மட்டும் விலக்கு. இந்த விதி குக்கீயோடு நிற்பதில்லை, வேறு எந்த வழியில் உங்கள் கருவியில் குறி வைத்தாலும் பொருந்தும். 2018 மே 25 முதல் அமலில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர்., சம்மதம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட்டது: யாரும் நிர்ப்பந்திக்காமல், விஷயம் தெரிந்து, தெளிவாகக் கொடுத்ததாக இருக்கவேண்டும், கொடுத்தது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கவேண்டும்.

நிறுவனங்கள் சும்மா இருக்குமா? முன்கூட்டியே டிக் அடித்த கட்டங்களை வைத்தன. ஜெர்மனியில் பிளானட்49 என்ற நிறுவனம் ஒரு பரிசுப் போட்டிக்கு அப்படித்தான் செய்தது, வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2019 அக்டோபர் 1 அன்று வந்த தீர்ப்பில், நீங்கள் கைவைக்காத டிக் சம்மதம் ஆகாது, குக்கீ எத்தனை காலம் இருக்கும், வேறு யார் அதைப் பார்க்கலாம் என்பதையும் சொல்லியே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் மறுக்கும் வழியை உள்ளே புதைக்கும் வேலை மும்முரமானது.

போன வாரம் ஒரு செய்தித் தளத்தில் பொறுமையாக உள்ளே போய்ப் பார்த்தேன். முகப்பில் பச்சைப் பொத்தானில் 'ஏற்கிறேன்', அதன் கீழே சாம்பல் எழுத்தில் 'விருப்பங்களை நிர்வகிக்க'. அதைத் தொட்டால் பத்துப் பன்னிரண்டு சுவிட்சுகள், எல்லாம் அணைந்துதான் இருந்தன. சரி, நல்ல ஆட்கள்தான் போல என்று வெளியே வரப் பார்த்தால், பக்கத்திலேயே 'நியாயமான நலன்' என்று இன்னொரு தாவல் (டேப்). சம்மதம் வாங்காமலே உங்கள் தகவலைப் பயன்படுத்த நிறுவனங்கள் காட்டும் காரணத்துக்கு அப்படிப் பெயர். அதற்குள் நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் பெயர்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் சுவிட்ச் போட்டபடி. ஒரே தடவையில் அணைக்கும் பொத்தான், எல்லாவற்றையும் உருட்டிக் கடைசிக்குப் போனால்தான் வருகிறது. அவசரமாக ஒரு செய்தி பார்க்க வந்தவர் இதையெல்லாம் செய்யமாட்டார் என்று தெரிந்துதான் இப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தைப் பாராட்டத் தோன்றுகிறது. 2022 ஜனவரியில் அது கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் விதித்ததாக அறிவித்தது. காரணம் ரொம்ப எளிமையானது: ஏற்க ஒரே தட்டு போதும், மறுக்கப் பல தட்டு தேவைப்பட்டது. சில மாதங்களிலேயே ஐரோப்பாவில் கூகுளின் பெட்டியில் 'எல்லாவற்றையும் மறுக்கிறேன்' பொத்தான் வந்துவிட்டது. செய்ய முடியாத வேலையாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

கேள்வி: அமெரிக்கத் தளங்கள் பலவற்றில் அந்தப் பெட்டியே வருவதில்லையே, அங்கே சட்டம் கிடையாதா?

நாடு முழுவதற்குமான பொதுச் சட்டம் இல்லை, மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன. வித்தியாசம் இதுதான்: நீங்கள் வாயே திறக்கவில்லை என்றால் ஐரோப்பாவில் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள், அமெரிக்காவில் 'சரி' என்று பொருள். 2020இல் அமலுக்கு வந்த கலிஃபோர்னியா சட்டம், 'என் தகவலை விற்காதே' என்று சொல்லும் உரிமையைத்தான் தருகிறது. நீங்களாகப் போய்ச் சொல்லவேண்டும்.

அதிலும் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் சொல்லாமல் பிரவுசரே உங்கள் சார்பில் சொல்லிவிடும் ஒரு சமிக்ஞைக்கு குளோபல் பிரைவசி கன்ட்ரோல் என்று பெயர். செஃபோரா என்ற அழகுசாதன நிறுவனம் இதை மதிக்கவில்லை என்பதும் 2022இல் கலிஃபோர்னியா அரசு அதன் மீது வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. 12 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அந்த வழக்கில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பணம் கைமாறாவிட்டாலும், பார்வையாளர் தகவலைக் கொடுத்துப் பதிலுக்கு விளம்பர வசதியும் ஆய்வுச் சேவையும் பெற்றால் அதுவும் விற்பனைதான் என்றது மாநில அரசு. 'நாங்கள் உங்கள் தகவலை விற்பதில்லை' என்று எங்காவது படித்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ் பிரவுசர்களில் இந்தச் சமிக்ஞை உள்ளேயே இருக்கிறது. குரோமுக்கு இப்போதைக்கு ஒரு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) போடவேண்டும். 2027 ஜனவரி முதல் பிரவுசர்களே இந்த வசதியைத் தரவேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டிருக்கிறது.

கேள்வி: மறுத்தால் தளம் வேலை செய்யாமல் போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. தேவையான குக்கீ எப்படியும் வரும். எங்காவது வீடியோ ஓடவில்லை என்றால் அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: மூன்றாம் ஆள் குக்கீயே ஒழியப்போகிறது என்று படித்தேனே?

சஃபாரி 2020இலிருந்தே முழுவதுமாகத் தடுக்கிறது. கூகுளும் 2020இல் குரோமிலிருந்து நீக்கப்போவதாகச் சொன்னது, தள்ளித் தள்ளிப் போட்டு 2025இல் கைவிட்டுவிட்டது. குரோம் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் போய் நீங்களே தடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் பெண்ணுக்கு ஒன்பது வயது. அவள் டேப்லெட்டில் விளையாட்டு ஆப்பெல்லாம் வைத்திருக்கிறாள். பிள்ளைகளையும் இப்படித்தான் பின்தொடர்கிறார்களா?

பின்தொடர்ந்திருக்கிறார்கள், பிடிபட்டும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைப் பெற்றோர் அனுமதியில்லாமல் சேகரிக்கக் கூடாது என்று 1998இலேயே சட்டம் வந்தது. குழந்தைகள் பார்க்கும் சேனல்களில் குக்கீ வைத்து விளம்பரம் காட்டியதாக எழுந்த வழக்கில் 2019இல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குக்கீ என்ற வார்த்தையைச் சொல்லாவிட்டாலும் இந்த விஷயத்தில் இன்னும் கடுமையானது. 18 வயது வரை குழந்தைதான், அவர்களைப் பின்தொடர்வதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஆப்புகளில் குக்கீயின் வேலையைச் செய்வது விளம்பர ஐடி. ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் தனியுரிமை, அதில் விளம்பரங்கள் என்று போய் அந்த ஐடியை நீக்கிவிடுங்கள். ஆப்பிள் என்றால் தனியுரிமைப் பகுதியில் ஆப்புகள் டிராக்கிங் அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம். இன்று ராத்திரி அவள் தூங்கினதும் டேப்லெட்டை எடுத்துச் செய்துவிடுங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது.