கால்பந்து அணியைக் கிண்டல் செய்து லிங்க்ட்இன் பாணியில் எழுதினால் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் தன் அணி தோற்கும்போதெல்லாம் வேலைவாய்ப்புத் தளத்துப் பதிவு மாதிரி எழுதிப் பார்க்கிறாராம், படிக்கிற நண்பர்கள் சிரிப்பதில்லையாம். எனக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. பெங்களூரில் ஐடி வேலை, ஆனால் சென்னையின் எஃப்சி ரசிகன். அக்கம்பக்கத்து சீட்டில் எல்லாம் பெங்களூரு எஃப்சி ஆட்கள். இந்த நிலைமையில் எழுதக் கற்றுக்கொள்ளாமல் இருக்க முடியுமா?

ஆட்டத்தின் தகவலில் கை வைக்காதீர்கள். ஸ்கோர், நிமிடம், மைதானம் எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கட்டும். பொய் முழுவதும் தொனியில்தான் இருக்க வேண்டும். 8-0 என்று கற்பனையாக அடித்துவிட்டால் அது வெறும் வசவு. நிஜமான 3-2 தோல்வியைப் பதவி உயர்வு மாதிரி அறிவித்தால்தான் எதிரணிக்காரனே சிரிப்பான்.

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இந்த இரண்டு அணிகளுக்கும் இடையே ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதிப் போட்டி. பெங்களூரு கேப்டன் சுனில் சேத்ரி 9-வது நிமிடத்திலேயே கோல் போட்டார். ஆனாலும் கோப்பை சென்னைக்கு வந்தது. எங்கள் தமிழ் நண்பர்கள் வாட்சப் குழுவில் பெங்களூரு அணி பேசுவது போல நான் எழுதியது:

"பகிர்வதில் பெருமகிழ்ச்சி.
இன்று எங்கள் சொந்த வளாகத்தில் விருந்தினரை வரவேற்றோம்.
9-வது நிமிடத்திலேயே டார்கெட்டை முடித்தோம்.
பிறகு நின்று யோசித்தோம்.
வளர்ச்சி என்பது நமக்கு மட்டும்தானா?
விருந்தினருக்கு மூன்று கொடுத்தோம்.
இரண்டை மெயில்சன் ஆல்வ்ஸ் ஒருவரே, கார்னரில் இருந்து, தலையால் எடுத்துக்கொண்டார். எங்கள் ப்ராசஸ் எவ்வளவு சீரானது என்பதற்கு இதுவே சாட்சி.
கோப்பை அவர்களிடம். கற்றல் எங்களிடம்.
ஒப்புக்கொள்கிறீர்களா?"

வரிக்கு வரி உடைத்திருப்பதைக் கவனியுங்கள். அந்தத் தளம் முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு மிச்சத்தை 'மேலும்' என்ற பொத்தானுக்குப் பின்னால் ஒளித்துவைக்கும். அதனால்தான் அங்கே எழுதுகிறவர்கள் ஏதோ கொலைக் குற்றவாளியின் பெயரைச் சொல்லப்போவது போல இழுக்கிறார்கள். இந்த இழுவையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு வெட்டிக் கேள்வியும் கட்டாயம்.

வெற்றியையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் மும்பையில் கோவாவை 1-0 என்று வென்று பெங்களூரு கோப்பையைத் தூக்கியது. ராகுல் பேக்கே தலையால் முட்டிய கோல், 117-வது நிமிடத்தில். ஐடிக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? "116 நிமிடம் மீட்டிங். 117-ல் டெலிவரி." அவ்வளவுதான் எழுதினேன். பெங்களூரு ரசிகர்களே அதை ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

2023 மார்ச்சில் கண்டீரவாவில் பெங்களூருவும் கேரளாவும் மோதிய பிளேஆஃப் கதை இதைவிடப் பெரிய விருந்து. கூடுதல் நேரத்தில் எதிரணி தயாராகும் முன்பே சேத்ரி சட்டென்று ஃப்ரீ கிக்கை அடித்துவிட, கோல் செல்லாது என்று கேரளா பிளாஸ்டர்ஸ் அணி மொத்தமாக மைதானத்தை விட்டு வெளியேறியது. பிறகு 4 கோடி ரூபாய் அபராதம். இதை எழுதியது நான் இல்லை, எங்கள் ஆபீஸ் டீமில் உள்ள மலையாளி. சொந்த அணியையே வாரியிருந்தார்:

"சில மீட்டிங்குகளில் இருந்து எழுந்து போவதுதான் தலைமைப் பண்பு.
நாங்கள் டீமோடு போனோம்.
சுயமரியாதைக்கு விலை கிடையாது என்பார்கள்.
இருக்கிறது. 4 கோடி."

என் கணிப்பில் இந்த வகையில் இதுதான் முதலிடம். தன் அணியைத் தானே கிண்டல் செய்யும்போது கத்தி இன்னும் கூர்மையாகிறது. நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

பழைய கதைகளுக்கும் போகலாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் இந்தியா 2-1 என்று தோற்றது. நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள், இரண்டு பெனால்டி வீணானது. அந்த ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். "காலணிச் செலவைக் குறைத்து உலகச் சந்தையில் நுழைந்தோம்" என்று தொடங்கி ஒன்று எழுதினேன். அல்சூர் பக்கம் கௌதம்புரத்தில், பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் அந்தத் தெருக்களில், எனக்குத் தெரிந்த ஒரு அண்ணனிடம் காட்டினேன். சின்ன வயதில் இருந்து பந்தோடு இருப்பவர். படித்துவிட்டு, "ஏன் தம்பி, ரெண்டு பெனால்டிய விட்டுட்டாங்கன்னு எழுத இவ்ளோ சுத்தணுமா?" என்றார். ஆபீஸ் மெயில் வாசமே படாதவருக்கு இது வேலைக்கு ஆகாது. அதனால் வாசகரைப் பார்த்து அனுப்புங்கள்.

சரி, 2018, 2023, 2025 என்று மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்ற பெங்களூரு அணிக்கு இப்போது ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. தொடக்கம் மட்டும் இங்கே: "மூன்று கம்பெனியில் கடைசி ரவுண்டு வரை போயிருக்கிறேன். ஹெச்ஆர் இன்னும் கூப்பிடவில்லை." மிச்சத்தை யாராவது கமென்டில் முடித்து வையுங்கள்.