ப்ராடிஜி: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

கேள்வி: ப்ராடிஜி, ஜீனியஸ் இரண்டும் ஒன்றுதானே சார்?

பதில்: இல்லை. ப்ராடிஜிக்கு வயது முக்கியம். தேர்ந்த பெரியவர்களுக்கு ஈடாக ஒரு துறையில் சிறுவயதிலேயே நிற்பவர்தான் ப்ராடிஜி. 5 வயதில் இசை அமைத்த மோட்சார்ட் அப்படி. 2016-ல் 10 வயதில் செஸ்ஸில் சர்வதேச மாஸ்டர் ஆன பிரக்ஞானந்தாவும் அப்படியே. ஜீனியஸ் என்றால் அதுவரை இல்லாத ஒன்றைக் கண்டு சொன்னவர், வயது பொருட்டில்லை. 1905-ல் புகழ்பெற்ற கட்டுரைகளை எழுதியபோது ஐன்ஸ்டீனுக்கு 26.

கேள்வி: மகள் கட்டுரையில் 'ப்ராடிகல் சைல்ட்' என்று புகழ்ந்து எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். ஏன்?

பதில்: டீச்சர் செய்தது சரிதான். ப்ராடிகல் என்றால் ஊதாரி. பைபிளில் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்தானே கெட்ட குமாரன், அவனைத்தான் ஆங்கிலத்தில் 'ப்ராடிகல் சன்' என்பார்கள். புகழப் போய் திட்டியதாகிவிடும். பத்திரிகைகளிலேயே இன்னொரு குழப்பமும் வருகிறது: ப்ரோடெஜே. அது ஒரு பெரியவரின் அரவணைப்பில் வளர்பவர். 'யாருடைய?' என்று கேட்டுப் பாருங்கள். 'இந்தக் குருவுடைய' என்று பதில் வந்தால் ப்ரோடெஜே. ப்ராடிஜிக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை.

கேள்வி: தமிழில் 'அதிசயக் குழந்தை' என்று போடலாமா?

பதில்: 'குழந்தை மேதை' நல்லது. 'அதிசயக் குழந்தை' என்றால் பிறவியிலேயே உருவம் மாறிய குழந்தை என்றும் படிப்பார்கள். ப்ராடிஜியின் மூலச்சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு என்பதுதான் அழகு! லத்தீனில் 'ப்ரோடிஜியம்' என்றால் தெய்வம் காட்டும் நிமித்தம். கல்மழை பெய்தாலும், உருவம் கெட்ட கன்று பிறந்தாலும் ரோமானியர்கள் அதை அப்படித்தான் சொன்னார்கள். ஆங்கிலத்திலும் முதலில் சகுனம்தான். அபாரத் திறமையுள்ள குழந்தை என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

கேள்வி: ப்ரொடிஜஸ்?

பதில்: அது அளவைச் சொல்வது: மலைக்க வைக்கும் அளவு. நினைவாற்றலுக்கும் சொல்லலாம், பசிக்கும் சொல்லலாம். உச்சரிப்பில் அழுத்தம் 'டி' மேல். ப்ராடிஜியில் முதல் அசை மேல்.

கேள்வி: 40 வயது கிடார் கலைஞர், கை அபாரம். அவரை?

பதில்: வர்ச்சுவோசோ. வாசிப்பு நுட்பத்தின் உச்சத்தைத் தொட்டவர் என்று பொருள்.

கேள்வி: மேடையில் 'ஷி இஸ் சைல்ட் ப்ராடிஜி' என்று அறிமுகம் செய்யலாமா?

பதில்: 'இஸ்' முடிந்ததும் ஒரு 'எ' வேண்டும், அதை விடுவதுதான் நாம் அடிக்கடி செய்யும் பிழை. துறையைச் சொல்வதானால் முன்னால் வையுங்கள்: 'எ வயலின் ப்ராடிஜி'. எழுத்தில் டி-க்குப் பிறகு ஐ, ஜி, ஒய். பலர் ஐ-க்குப் பதில் ஈ போட்டுவிடுகிறார்கள்.