சாவி சிக்கும் பழைய கார்: பணம் தராமல் விட மாட்டேன் என்கிறது ஒர்க்‌ஷாப்

கேள்வி: என்னுடையது 2007-ம் வருடத்து கார். இக்னிஷனில் சாவி அடிக்கடி சிக்கியதால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். என்னைக் கேட்காமலேயே லாக்கை முழுதாக மாற்றிவிட்டு 8,500 ரூபாய் கேட்டார்கள். 5,000 கொடுத்தேன். புது லாக்கிலும் சாவி சிக்குகிறது. மீதியைத் தந்தால்தான் காரைத் தருவார்களாம். கழற்றிய பழைய லாக்கையும் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது? – வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் காரை வெளியே எடுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 170-ன்படி, ஒப்படைத்த வேலையை முடித்தவர் அதற்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம். நீங்கள் சம்மதிக்காத வேலைக்கோ, தினசரி பார்க்கிங் என்று ஏற்றும் தொகைக்கோ அந்த உரிமை கிடையாது. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், வழக்கு முடியும்வரை கார் அவர்கள் ஷெட்டில்தான் நிற்கும். அதனால் மீதி 3,500-ஐ யுபிஐ-யில் கட்டிவிட்டு, அப்போதே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "பழுது தீரவில்லை. லாக்கை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. காரை மீட்பதற்காக மட்டும் ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்." வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் 'திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற வரியை அடித்துவிட்டு, சாவி சிக்குவதை அங்கேயே குறித்துக் கையெழுத்திடுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். பில் தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி முறையற்ற வணிக நடவடிக்கை.

காரை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், டோ செய்யுங்கள். புது லாக்கைச் சரியாகப் பொருத்தவில்லை என்றால் ஓடும்போது ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இந்த வழக்கின் உயிர் பழைய லாக்கில் இருக்கிறது. அது உங்கள் சொத்து, எழுத்தில் கேளுங்கள். சாவி சிக்கினால் லாக்கையே மாற்ற வேண்டும் என்பதில்லை. சக்கரம் ஒருபக்கம் அழுந்தி நின்றால் ஸ்டியரிங் லாக் இறுகும். ஸ்டியரிங்கை லேசாக அசைத்துக்கொண்டே திருப்பினால் விடுபடும். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய டூப்ளிகேட்டும் சிக்கும். என்ஜின் ஆயில் விட்டிருந்தால் தூசியோடு சேர்ந்து உள்ளே பிசினாகிவிடும். கிராஃபைட் பவுடர்தான் விட வேண்டும். அதிகம் புழங்காத ஒரிஜினல் ஸ்பேர் சாவி பழைய லாக்கில் வழுக்கிக்கொண்டு திரும்பினால், தேய்ந்தது சாவிதான், லாக் அல்ல என்று காட்டிவிடலாம். அப்போது 8,500 ரூபாய் வேலைக்கு அவசியமே இருந்திருக்காது. லாக்கைத் தர மறுத்தாலும், நீங்கள் எழுத்தில் கேட்டதும் அவர்கள் மறுத்ததும் ஆவணமாக நிற்கும்.

புது லாக்கை வேறு மெக்கானிக்கிடம் உடனே கழற்றச் சொல்லிவிடாதீர்கள். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். சரிசெய்துவிட்டால் குறையை நிரூபிக்க எதுவும் மிஞ்சாது. சக்கரம் நேராக இருக்கும்போதும், ஒருபக்கம் அழுந்தி இருக்கும்போதும் சாவி எப்படித் திரும்புகிறது என்று வெட்டாமல் வீடியோ எடுங்கள். பிறகு ஆட்டோமொபைல் இன்ஜினியர் அல்லது வாகனச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒருவரிடம், குறை என்ன, காரணம் பொருளா பொருத்தியதா என்று கையெழுத்துடன் அறிக்கை வாங்குங்கள். குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

அடுத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 35-ன் கீழ் புகார் தரலாம்; ஒர்க்‌ஷாப் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் பரவாயில்லை. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கட்டிய பணம், டோ செலவு, அறிக்கைக்கான கட்டணம், மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். கார் டாக்ஸியாக ஓடினால், அது உங்கள் சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று புகாரிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு தள்ளுபடி கேட்கும்.

இன்ஷூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். தேய்மானப் பழுதுக்கு பாலிசியில் பணம் வராது. ஆனால் நாளைக்கு கார் திருட்டுப் போனால், கம்பெனி முதலில் கேட்பவற்றில் ஒன்று சாவிகள். லாக் மாறியதற்கு ஆதாரம் இல்லையென்றால் கிளெய்ம் இழுபடும். லாக் மாற்றிய தேதி, பில் நகல், இப்போது எத்தனை சாவிகள் என்பதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். பழைய சாவிகள் எல்லாவற்றையும் பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.