மனவேதனை நம்மை வளர்க்கும், நம்மை நமக்கே காட்டும் என்கிறார்களே, உங்களுக்கு அப்படி நடந்ததா?

காட்டியது. ஆனால் முதல் நாலு மாதமும் அது என்னைத் தின்றது மட்டும்தான்.

2018இல் என் கலியாணம் குழம்பியது. ஹோல் பதிந்து, கார்டு அடித்து, கூறைச்சேலையும் எடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு போன் வந்தது, அவ்வளவுதான். கொழும்பில், எங்கள் வெள்ளவத்தை வீட்டு மேசையில் பெயர் எழுதிய கார்டுகள் கிடந்தன. அம்மா ஒன்றும் கதைக்காமல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

யார் கேட்டாலும் "எனக்கு ஒண்டுமில்லை" என்றேன். வேலைக்குப் போனேன், சிரித்தேன். பின்னேரம் பம்பலப்பிட்டியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி மெரின் டிரைவால் நடப்பேன். பக்கத்தில் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ரயில் போகும் சத்தத்துக்குள் வாய்விட்டு அழலாம், ஒருவருக்கும் கேட்காது.

ஒருநாள் ரயில் போய் முடிந்த பிறகும் நான் அழுதுகொண்டிருந்தேன். அப்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது. "சனத்துக்கு என்ன சொல்லுறது, சனத்துக்கு என்ன சொல்லுறது." மாப்பிள்ளையின் பெயர் அதில் இல்லை. அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது. சம்பந்தம் பேசிய நாளிலிருந்து, எனக்கு இதில் விருப்பமா என்று நான் என்னையே கேட்டதில்லை. ஏ.எல். உயர்தரப் பரீட்சைக்கு வர்த்தகம் எடுத்ததும் அப்படித்தான்.

தனியே இதைத் தூக்கிக்கொண்டு திரிய முடியவில்லை. ஹோர்டன் பிளேஸில் இருக்கும் சுமித்ரயோவுக்கு அக்கா கூட்டிப்போனார். மனம் நொந்தவர்களுக்காக 1974 முதல் இயங்கும் இடம். தொண்டர்கள் இருந்து கேட்பார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள், காசும் இல்லை. புத்தி கேட்டுக் களைத்துப் போயிருந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

டெடெஸ்கி, கல்ஹூன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 1990களில் வேதனைக்குப் பிறகு வரும் வளர்ச்சியைப் பற்றி எழுதியதைப் பிறகு வாசித்தேன். அடி விழுந்ததால் ஒருவர் வளர்வதில்லை, விழுந்த பிறகு அதோடு மல்லுக்கட்டும்போதுதான் சிலரில் மாற்றம் வருகிறது என்கிறார்கள். எல்லாருக்கும் வராது, வந்தாலும் நோவு போய்விடாது என்பதையும் சொல்கிறார்கள். எனக்கு அது அப்படியே பொருந்தியது. ஆகவே இப்போது அந்த முதல் மாதங்களில் இருப்பவர் யாராவது இதை வாசித்தால், வளர்ச்சியைப் பற்றியெல்லாம் யோசிக்காதீர்கள். சாப்பிடுங்கள். நித்திரை வராவிட்டால், சாக வேண்டும்போல் இருந்தால் உடனே 1926க்கு எடுங்கள், இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

நான் செய்த முதல் மாற்றம் மிகச் சிறியது. அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். வழக்கம்போல் "என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

"சரியா நோகுது, அம்மா" என்றேன்.

உரலைக் கீழே வைத்தார். மாக்கையோடு என்னைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும்தான் பிள்ளை" என்றார்.