தலைமைப் பண்பு பிறவியிலேயே வருவதா, பழக்கினால் வருவதா?

பழக்கினால் வரும். புதிதாகக் குழுப் பொறுப்பு கைக்கு வந்து, ‘நமக்கு இது ரத்தத்திலேயே இல்லையோ’ என்ற பயத்தில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிறவிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சண்டைக்கு வருபவர்கள் இதைக் கவனிக்கவும். அமெரிக்காவில் இரட்டையர்களை வைத்து நடந்து 2006-ல் வெளியான ஆய்வு, தலைமைப் பொறுப்புக்கு வருவதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 30 சதவீதத்துக்கு மரபணு காரணம் என்றது. அதுவும் பதவிக்கு வருவதைப் பற்றிய கணக்குதான். வந்தபின் ஒழுங்காக நடத்துவது வேறு வித்தை.

அது கற்றுக்கொடுக்கக் கூடியது என்பதற்கு விமானத்துறையே சாட்சி. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் தரையிறங்க வேண்டிய விமானம், சக்கரக் கோளாறால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமடித்தது. எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. கேப்டனின் கவனம் முழுக்கச் சக்கரத்தில். எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். அவர் 27,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அத்தனை அனுபவமும் இதைத் தானாகக் கற்றுத்தரவில்லை. 1981-லிருந்து, கேப்டன் கேட்டு முடிவெடுக்கவும், துணை விமானி தயங்காமல் எதிர்த்துச் சொல்லவும் தனிப் பயிற்சி தொடங்கியது.

நிறுவனங்களில் தலைமைப் பயிற்சி என்றால் இரண்டு நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், அப்புறம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இதற்கு அவை கொட்டும் பணத்தை நினைத்தால் வயிறெரிகிறது. நீச்சலைக் கரும்பலகையிலா கற்றுக்கொடுப்பார்கள்?

ஒரு பழக்கத்தை எடுத்து ஆறு வாரம் செய்யுங்கள். முதலில் வேலையை ஒப்படைப்பது. முடிந்த வேலை எப்படி இருக்க வேண்டும், எப்போது வேண்டும், எதையெல்லாம் உங்களைக் கேட்காமலே முடிவு செய்யலாம் என்று மூன்றையும் சொல்லுங்கள். ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். வேலையை ஏற்றவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கால்வாசி முடிந்ததும் ஒருமுறை பாருங்கள், அப்போது திருத்துவது எளிது. பெரும்பாலானோர் சறுக்குவது இதற்குப் பிறகுதான்: தாமதமானதும் பொறுமையிழந்து வேலையைப் பிடுங்கித் தாங்களே முடித்துவிடுவார்கள். அடுத்த முறை அவர் பாதியிலேயே விட்டுவிட்டு உங்களுக்காகக் காத்திருப்பார்.

கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள்.

வேலை முடிந்த அன்றே 15 நிமிடம் உட்காருங்கள்: என்ன நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்து எதை மாற்றுவது. உங்கள் தவறை முதலில் நீங்களே சொல்லுங்கள். ‘யார் செய்தது’ என்று ஆரம்பித்தீர்களானால், அடுத்த தவறு உங்கள் காதுக்கு வரவே வராது.